வேலையில்லாச் சொல்

கப்பலில் வந்த துரைமார் கடற்கரையோடு நில்லாமல், பல்லக்கு ஏறி உள்நாட்டுக்கும் வரத் தொடங்கியிருந்த முன்னொரு காலத்தில், கோதண்ட பூபதி என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் காதில் ஒரு ஆசையைப் போட்டுவிட்டால் போதும், அது நிறைவேறும்வரை அரண்மனையில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது.

பக்கத்து நாட்டு ராஜா துரையோடு இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசி, துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அந்தச் சேதி வந்த அன்றே ஆரம்பித்தது வினை. தை மாதம் அதே துரை இங்கும் வருவதாக இருந்தது. துரைமார் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அனந்தசயனத்தை அழைத்து, "எமக்கும் இங்கிலீஷ் வர வேண்டும்" என்றார் ராஜா.

அனந்தசயனம் படித்தவர். படித்ததை அடுத்தவருக்கு விளங்காமல் சொல்லுவதில் இன்னும் கெட்டிக்காரர். "மன்னா, இங்கிலீஷில் எத்தனை ஆயிரம் சொல் இருந்தாலும் எல்லாம் எட்டே வகைக்குள் அடக்கம். முதலில் அந்த எட்டும் கைவர வேண்டும்" என்று தொடங்கி, பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை, வினையடை என்று மாதக்கணக்கில் ஓதினார். ராஜாவுக்குத் தலைவலி வந்ததே தவிர இங்கிலீஷ் வரவில்லை.

ஒருநாள் ராஜா சீறிவிட்டார். "அந்த எட்டுப் பேரையும் நாளைக் காலை சபையில் எம் கண்முன் நிறுத்தும். கண்ணால் பார்த்தால்தான் எமக்குப் பிடிபடும்!"

துபாஷிக்கு வியர்த்தது. சொல்லை எங்கே போய்ப் பிடித்துக்கொண்டு வருவது? ஆனாலும் மனிதருக்கு நொடியில் ஒரு யோசனை. "மன்னா, இத்தகைய அரிய காரியம் நம் விகடகவி மருதநம்பி ஒருவரால்தான் ஆகும்" என்று கையைக் காட்டிவிட்டார். ராஜா விகடகவியோடு அதிகம் சிரித்துப் பேசுவது துபாஷிக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

மறுநாள் சபை கூடியது. நம்பி வெறுங்கையோடு வந்து நின்றார்.

"எங்கே எட்டும்?" என்றார் ராஜா.

"எல்லோரும் வந்தாகிவிட்டது மன்னா. தாங்கள்தான் முதலாவது. எவரைப் பற்றிப் பேச்சோ அவர் பெயர்ச்சொல். இந்த நாட்டில் பேச்செல்லாம் தங்களைப் பற்றித்தானே? தாங்கள் அந்தப்புரத்தில் இருக்கும்போது சிம்மாசனத்தில் தங்கள் உடைவாளை வைக்கிறோம், குடிகள் அதையே தாங்களாக எண்ணி வணங்குகிறார்கள். பெயருக்குப் பதிலாக வந்து உட்காரும் 'அவர்', 'இவர்' என்கிற பிரதிப்பெயர் அந்த வாள்தான்."

ராஜா வாளைப் பார்த்தார், தம்மைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்படியானால் எம்முன் நடந்துகொண்டே பட்டம் சொல்கிறானே கட்டியக்காரன், வீராதி வீரன், சூராதி சூரன் என்று..."

"பெயரடை மன்னா! தாங்களே சொல்லிவிட்டீர்களே. பல்லக்குத் தூக்கிகள் வினைச்சொல். அவர்கள் நின்றால் எல்லாம் நின்றது. பக்கத்தில் ஓடிக்கொண்டே 'மெல்ல, வேகமாக' என்று அதட்டும் மேஸ்திரி தூக்குவதில்லை, எப்படித் தூக்குவது என்று சொல்பவன். அவன் வினையடை."

யார் உள்ளே, யார் வெளியே, யார் யாருக்குப் பக்கத்தில் என்று இடம் காட்டும் வாயில்காப்போன் முன்னிடைச்சொல்லானான். மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் முடிச்சுப் போடும் புரோகிதர் இணைப்புச்சொல். "'ஆனால்', 'அல்லது' என்று இழுத்துச் சம்பந்தத்தைக் கெடுப்பதும் இவரே" என்றார் நம்பி. சபை சிரித்தது. புரோகிதரும் சிரித்தார்.

"எட்டாவது?"

நம்பி சபை நடுவே துள்ளிக் குதித்து, "ஆகா!" என்றார். "அடியேன்தான் மன்னா. வியப்புச் சொல். ஆகா, ஐயோ, அடடா, சீச்சீ. வாக்கியத்தில் எவரோடும் எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு வேலையும் கிடையாது. எடுத்து வெளியே போட்டாலும் வாக்கியம் விழாது. சும்மா வந்து கத்திவிட்டுச் சம்பளம் வாங்குகிற சொல்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாதக்கணக்கில் ஏறாதது ஒரு நாழிகையில் ஏறிவிட்டது. முத்துமாலையைக் கழற்றி நம்பி கழுத்தில் போட்டார். கதை இதோடு முடிந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்.

சிரிப்பு அடங்கியதும் அனந்தசயனம் எழுந்தார். "மன்னா, துரைமார் வாயைப் பிளந்து ஆகா ஓகோ என்று கத்துவதில்லை. நிதானமாக முழு வாக்கியம் பேசுபவர்கள். துரை வரும்போது நம் சபை சந்தைக்கடை மாதிரி இருக்கலாமா? வேலையில்லாச் சொல் என்று விகடகவியே சொன்ன பிறகு, நாட்டில் அது எதற்கு?" ஆகா ஓகோ இல்லாத விகடகவி பல்லில்லாப் பாம்பு என்பது அவர் கணக்கு.

ராஜாவின் காதில் அடுத்த ஆசை விழுந்துவிட்டது. அன்று மாலையே தண்டோரா போட்டார்கள். எந்த மொழியாயினும், வேலையில்லாச் சொல்லை வாயால் சொல்பவர் சூரியன் மறையுமுன் நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டும். நம்பி ஏதாவது சாக்குச் சொல்லித் தப்புவார் என்று, 'எவராயினும், எதன் பொருட்டாயினும்' என்பதையும் துபாஷி சேர்க்கச் சொன்னார்.

அந்தக் கடைசி வரியைக் கேட்டபோதே நம்பி மனசுக்குள் சிரித்துக்கொண்டார். சட்டம் முழுவதும் அந்த ஓட்டை வழியாக ஒழுகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துரை வரட்டும், சபை நிறைந்திருக்கட்டும், துபாஷி பட்டுத் தலைப்பாகையோடு நிற்கும்போது அவிழ்த்துவிடலாம் என்று அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். நல்ல விகடத்துக்கு நல்ல சபை வேண்டுமல்லவா?

அதுவரைக்கும் கூத்துக்குக் குறைவில்லை. ராஜா வெண்பா பாடினால், "இப்பாடல் இனிமையாக இருக்கிறது என்று நாங்கள் கருதுகிறோம்" என்று மந்திரிகள் பிண விசாரணையில் சாட்சி சொல்வதுபோலச் சொன்னார்கள். தூபக்கால் தணலை மிதித்த புரோகிதர், "என் வலது பாதம் சுடுகிறது" என்று கண்ணீரோடு வாக்கியம் அமைத்தார். நம்பி வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்துக் காட்டிச் சிரித்தார். ஊருக்குள் சாவு வீடுகளில் ஒப்பாரி நின்றுபோனதும் அவர் காதுக்கு வந்தது. பாடைக்குப் பின்னால் பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு போனார்களாம். துரைதான் வரப்போகிறாரே, கொஞ்ச நாள்தானே என்று அதையும் தள்ளிவிட்டார்.

துரையை வரவேற்கக் கிழக்கு வீதியில் பெரிய தோரணவாயில் எழும்பிக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து என்கிற பந்தல்காரன் சாரத்தின் உச்சியில் உட்கார்ந்து மூங்கில் கட்டிக்கொண்டிருந்தான். அவன் காலுக்குக் கீழே கயிறு அவிழ்வதைக் கூட்டாளி பார்த்துவிட்டான். 'ஏய்' என்று ஒரு கத்துக் கத்தியிருந்தால் பேச்சிமுத்து தாவிப் பக்கத்து மூங்கிலைப் பிடித்திருப்பான். கூட்டாளிக்கு அருகில் சேவகன் நின்றான். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "பேச்சிமுத்து, உன் இடது காலுக்குக் கீழே..." என்று அவன் வாக்கியத்தைத் தொடங்கினான். முடிக்கும்போது பேச்சிமுத்து தரையில் கிடந்தான். உயிர் இல்லை.

ஓடிவந்த அவன் பெண்டாட்டி ஒச்சாயி, புருஷனைப் பார்த்துக் கத்தினாள். கூட்டாளிகள் பிணத்தை வீட்டுக்குத் தூக்கிப் போக, கத்திய குற்றத்துக்காகச் சேவகன் அவளைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தான்.

"சட்டம் தெளிவாக இருக்கிறது மன்னா" என்றார் அனந்தசயனம். "இவள் பொழுது சாயுமுன் எல்லை தாண்ட வேண்டும்."

ஒச்சாயி தரையில் விழுந்து கும்பிட்டாள். "போயிடுறேன் சாமி. அவரை எடுக்குற வரைக்கும் மட்டும் விடுங்க. வீட்டுல தனியாக் கெடக்குறாரு. பக்கத்துல உக்காந்து அழக்கூட ஆளில்ல."

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம் சட்டத்தைத் தாமே மீறினால் துரை என்ன நினைப்பார் என்பது அவர் கவலை. அந்தச் சபையில் அவள் முகத்தை நேராகப் பார்க்கக் கூசியவர் நம்பி ஒருவர்தான். அவர் எழுந்தார்.

"மன்னா, நம் சபையில் குற்றத்தைச் சுமத்துபவர் தம் வாயால் அதைச் சொல்ல வேண்டும் என்பது முன்னோர் வழக்கம். இவள் என்ன சொன்னாள்?"

"விலக்கப்பட்ட சொல்லைச் சொன்னாள்" என்றார் துபாஷி.

"விலக்கப்பட்டவை பல. இவள் சொன்னது எது? அதைக் கேட்காமல் மன்னர் எப்படித் தீர்ப்புச் சொல்வார்?"

துபாஷி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. எவராயினும், எதன் பொருட்டாயினும். குற்றத்தைச் சொல்ல அந்தச் சொல்லைச் சொன்னால் அவரும் எல்லை தாண்ட வேண்டியதுதான். அவர் மெல்ல வாயை மூடிக்கொண்டு சேவகனைப் பார்த்தார்.

"நீர்தானே கேட்டீர்? சொல்லும்" என்று சேவகனிடம் திரும்பினார் நம்பி.

சேவகன் கால் மாற்றி நின்றான். "அது வந்துங்க... புருசன் செத்தா பொம்பளைங்க சொல்லுவாங்களே... அதானுங்க."

"'என் புருஷன் இறந்துவிட்டார்' என்றுதானே சொல்வார்கள்? அது முழு வாக்கியம் ஆயிற்றே. குற்றமில்லை."

"இல்லீங்க, அதுக்கு முன்னால..."

"முன்னால என்ன?"

சேவகன் கையை நெஞ்சில் அடித்துக் காட்டினான். தலையில் அடித்துக் காட்டினான். "நெஞ்சில் அடித்துக்கொண்டதாக எழுதலாமா?" என்று கேட்டார் நம்பி. துபாஷி விரலைக் கடித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ராஜாவுக்குச் சாப்பாட்டு வேளை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அட, ஐயோ என்றுதானே கத்தியிருப்பாள்!" என்று ராஜா வெடித்தார். "இதைச் சொல்ல இத்தனை பேருக்கு இத்தனை நேரமா?"

மந்திரிகள் எல்லோரும் சாளரம் வழியாகச் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள்.

நம்பி குனிந்து வணங்கினார். "மன்னா, எல்லைவரை அடியேனும் துணைக்கு வருகிறேன். 'அட' ஒன்று, மற்றது ஒன்று. இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரே பயணமாகப் போய்விடலாம்."

ராஜா அவரைப் பார்த்தார். துபாஷியின் வெளுத்த முகத்தைப் பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். "ஆகா! மாட்டிவிட்டாயே ஐயா! போகட்டும், சட்டம் இன்றோடு ஒழிந்தது!" அடைத்து வைத்திருந்த ஆகாவும் அடடாவும் சபை முழுதும் பொலபொலவென்று கொட்டின. அனந்தசயனமும் வேறு வழியில்லாமல் "பேஷ்" என்றார். ராஜா தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி நம்பியின் கையில் மாட்டினார்.

எப்படிச் சிரிப்பார்கள் என்று நம்பி நினைத்து வைத்திருந்தாரோ, அப்படியே சிரித்தார்கள். ஒரு கணம் அவருக்கு அது இனிக்கவும் செய்தது. அந்தக் கணத்துக்காக அவர் பிறகு எத்தனையோ நாள் தம்மையே நொந்துகொண்டார்.

"நான் போகலாமுங்களா?" என்று ஒச்சாயி கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. நம்பிதான் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். கிழக்கு வீதி வழியே அவள் வீடுவரை போனார். வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லாருப்பீங்க சாமி. நல்லவேளை, அந்த நேரத்துக்கு உங்களுக்கு இந்த வழி தோணுச்சே."

'ஆமாம்' என்றொரு சொல் போதுமாயிருந்தது. பொய்யென்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. நம்பியால் அதைச் சொல்ல முடியவில்லை.

"இப்பத் தோணலை தாயி. தண்டோரா போட்ட அன்னைக்கே தெரியும்."

ஒச்சாயி புரியாமல் பார்த்தாள். "அன்னைக்கேவா? அப்ப ஏன் சாமி சொல்லல?"

"துரை வர்ற அன்னைக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"இன்னும் நெறைய பேர் சிரிப்பாங்கன்னு."

அவள் அவரைத் திட்டவில்லை. திரும்பி உள்ளே போனாள். சற்றைக்கெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து "ஐயோ!" என்று ஒரு குரல் எழுந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். தெருவே அழுதது. நம்பி வாசலிலேயே நின்றார். அவருக்கும் வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. அந்த வீட்டில் அழத் தமக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பாடை புறப்படும்வரை நின்றிருந்தார்.