ஒரு கரண்டி மாவு, இருபத்தாறு தோசை

“போர்டுல இருபத்தாறு வகை தோசை எழுதியாச்சு. காலைக் கூட்டத்துக்கு இருபத்தாறும் வரணும். வரலேன்னா கரண்டியை வச்சிட்டுக் கிளம்புலே” என்றார் முதலாளி ஞானதுரை.

அவர் ரெண்டு நாள் வியாபார வகுப்புக்குப் போய்ப் போர்த் தந்திரம் படித்துவிட்டு வந்திருந்தார். எதிர்க்கடைக்காரன் ரவா தோசை மட்டும் போட்டே கூட்டத்தை இழுக்கிறான். எல்லா முனையிலும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் அவன் விழுவானாம். தாக்க வேண்டியது தோசை மாஸ்டர் இசக்கிபாண்டி. அவனிடம் இருந்தது ஒரு கல்லு, ஒரு குண்டான் மாவு, நின்று நின்று மரத்துப்போன ரெண்டு கால்.

காலைக் கூட்டம் வந்தது. கேட்ட தோசை வராமல் ஆட்கள் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

இசக்கிபாண்டிக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. ஒரு கரண்டி மாவை அள்ளி, கல்லு முழுக்க இருபத்தாறு சொட்டு விட்டான். அத்தனையும் கருகியது. சுரண்டித் தட்டில் போட்டு முதலாளி முன்னால் வைத்தான்.

“என்னலே இது?”

“எல்லா முனையிலயும் தாக்கிட்டேன் அண்ணாச்சி. சாப்பிடுங்க.”

காத்துக் கிடந்த பஸ் டிரைவர் சிரித்துவிட்டார். “அந்த ஒரு கரண்டியை ஒரே எடத்துல ஊத்தியிருந்தா நான் தின்னுட்டு வண்டியை எடுத்திருப்பேன்வே.”

கடையே சிரித்தது. ஞானதுரை தட்டையே பார்த்தார்.

“சரி, நெய் தோசை மட்டும் போடு. மொதல்ல ஸ்டூல்ல ஏறி அந்த போர்டை அழி.”

“அது இன்னொரு முனை அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, டிரைவருக்கு மாவை ஊற்றினான் இசக்கிபாண்டி. முதலாளி ஸ்டூலைத் தேடினார்.