உச்சி வெயிலில் ஓர் அருள்மழை

முன்பொரு காலத்தில், ஏதோ ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். தமக்கு வரும் ஓலை எதுவானாலும் ‘மன்னரின் அருள்மழையில் நனைந்து வாழும் நாங்கள்’ என்றுதான் தொடங்க வேண்டும் என்பது அவர் கட்டளை. அந்த வரி இல்லாத ஓலை நேரே அடுப்புக்குப் போகும்.

சபையில் ஓலை வாசிப்பவள் செம்பாயி. ஆடு மேய்ப்பவர் மகள். அவள் வம்சத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள். வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே ராஜாவுக்கு அவளைப் பிடிக்கும். அதனாலேயே அவளுக்கு மேலதிகாரியான ஓலைநாயகம் அம்பலத்தரசருக்குப் பிடிக்காது.

ஒருநாள் வடகரை ஊரிலிருந்து ஓலை வந்தது. செம்பாயி முதல் வரியை முடிப்பதற்குள் அம்பலத்தரசர் குறுக்கே புகுந்தார்.

“போதும். அங்கே நல்ல மழையாம், மன்னா. அடுத்த ஓலை.”

“அடுத்த வரியையும் கேளுங்க ஐயா. ஆறு மாசமா ஒரு சொட்டு இல்லையாம். குடிக்கவும் தண்ணி இல்லை, நாற்றும் கருகுது. அரண்மனைக் குளத்து மதகைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கிறாங்க.”

“அப்படியானால் மன்னரின் அருள்மழை பொய் என்கிறாயா?”

ராஜாவின் முகம் கறுத்தது. “செம்பாயி, என் அருள்மழை பெய்கிறதா, இல்லையா? பெய்கிறது என்றால் வடகரைக்கு என் குளம் எதற்கு? இல்லை என்றால் உனக்கு இங்கே வேலை எதற்கு?”

“பெய்யுதுங்க மகாராஜா. எவ்வளவு பெய்யுதுன்னு பார்த்துடலாம். அதில் நனைஞ்ச அனுபவம் ஐயாவுக்குத்தான் அதிகம். அவரை முற்றத்தில் நிறுத்துங்க.”

நல்ல உச்சி வெயில். கல் பாவிய முற்றம். அம்பலத்தரசர் பட்டுத் தலைப்பாகையோடு காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார். ஒரு நாழிகை போயிற்று.

“நனைஞ்சீங்களா ஐயா?”

இல்லை என்றால் ராஜத்துரோகம். “நனைந்தேன், சொட்டச் சொட்ட நனைந்தேன்” என்று வியர்வையில் ஊறிய தலைப்பாகையைக் கழற்றிக் காட்டினார்.

செம்பாயி ஒரு கிண்ணத்தை நீட்டினாள். “நல்லதாப்போச்சு. பிழிஞ்சு குடிங்க. வடகரைக்காரங்களை அதைத்தானே குடிக்கச் சொல்றீங்க.”

அம்பலத்தரசர் கிண்ணத்தைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“மன்னா,” என்று முனகினார், “குளத்துத் தண்ணீர் ஒரு வாய் கிடைக்குமா?”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதகைத் திறக்க உத்தரவிட்டு, தம் கைக்காப்பைக் கழற்றிச் செம்பாயிக்குக் கொடுத்தார். அவள் அதை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

“எங்கே கிளம்பிவிட்டாய்?”

“மதகுக்குத்தாங்க. உத்தரவு காதில் விழுந்துச்சு. தண்ணி கண்ணில் படணுமே.”

ராஜா இன்னும் பலமாகச் சிரித்தபடி எழுந்து அவள் பின்னாலேயே நடந்தார்.