கோமதியின் படம்

"என் படத்துல துக்கம் வரமாட்டேங்குது டீச்சர்" என்றார் சங்கரலிங்கம்.

பாளையங்கோட்டையில் வெகுகாலமாகக் கல்யாணப் படம் எடுத்துவந்தவர் அவர். அவர் டீச்சர் என்று அழைத்த ஜெசிந்தா வயதில் இளையவள். ஆனாலும் அவள் எடுத்த குடும்பப் படங்களை ஒரு கண்காட்சியில் பார்த்த பிறகு, கேமராவைத் தூக்கிக்கொண்டு அவளிடமே பாடம் கேட்க வந்துவிட்டார்.

"யாரோட துக்கம்?"

"என் வீட்டுக்காரியோடது. கோமதி."

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை, போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனாள்.

"எடுத்துக்கிட்டேதான் இருக்கேன் டீச்சர். காய் நறுக்குதா, துணி காயப்போடுதா. மூஞ்சியில ஒண்ணுமே தெரியல."

"உங்க மூஞ்சியில?"

"நான் கேமராவுக்குப் பின்னாடில்லா நிக்கேன்."



"அவங்க உங்ககிட்ட அழுதிருக்காங்களா?"

"எங்கிட்டயும் அழல. யார்கிட்டயும் அழல."

"அப்போ பக்கத்துல இருங்க" என்றாள்.

சங்கரலிங்கம் பக்கத்தில்தான் இருந்தார். கல்யாண ஆர்டர்களைக்கூடத் தட்டிக்கழித்துவிட்டு, வீட்டிலேயே கிடந்தார். கழுத்திலிருந்து கேமரா இறங்கவில்லை. கோமதி ஜன்னலோரம் நின்றால் அவரும் எழுந்தார். அவள் பெருமூச்சு விட்டால் அவர் கை பொத்தானுக்குப் போனது.

"சாப்பிடும்போதாவது அதைக் கழட்டி வைக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ பாட்டுக்குச் சாப்பிடு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

தை பிறந்து, ஒரு காலையில் ஜெசிந்தாவைப் பார்க்க வந்தார். முகத்தில் நெடுநாளாக இல்லாத ஒரு தெளிச்சி.

"கிடைச்சிட்டு டீச்சர்."

மேசைமேல் படத்தை வைத்தார்.

பீரோ திறந்துகிடந்தது. அதன் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள் கோமதி. மடியில் மகளின் பள்ளிச் சீருடை. அழுகையில் வாய் கோணியிருந்தது. கண்கள் மட்டும் நேரே பார்த்தன.

"புடவை எடுக்கத்தான் தொறந்தா. அடியில புள்ளையோட யூனிஃபார்ம் இருந்திருக்கு. அப்படியே உக்காந்துட்டா. புள்ள போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அழுதா டீச்சர். நான் நிலைப்படியிலயே நின்னேன். நிமிர்ந்து என்னையப் பாத்தா. அமுக்கிட்டேன்."

ஜெசிந்தா படத்தைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கோமதி இப்ப எங்க?"

"தென்காசியில, அவ அக்கா வீட்டுல. அன்னைக்குச் சாயங்காலமே கிளம்பிட்டா. போன் போட்டா எடுக்கமாட்டேங்கா. மனசு கொஞ்சம் ஆறட்டும்னு நானும் விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி படத்தின்மேல் குனிந்தார்.

"ஒரே ஒரு குறைதான். வலது கையைப் பாருங்க, கலங்கிப்போச்சு. மத்ததெல்லாம் அப்படியே துல்லியமா விழுந்திருக்கு. கையை மட்டும் சரிபண்ண வழி இருக்கா?"

"கை ஏன் அசைஞ்சுது?"

"நீட்டினா. நான் அமுக்கவும் அவ நீட்டவும் சரியா இருந்துது."

ஜெசிந்தா நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

பிறகு தன் வலது கையை மேசைக்குக் குறுக்கே அவரை நோக்கி நீட்டினாள்.

சங்கரலிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, என்ன செய்யுது?"

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிடித்திருந்த கைகளுக்குக் கீழே கோமதியின் படம் கிடந்தது. அதில் அவள் நீட்டிய கை, யாரும் பிடிக்காமல் கலங்கியிருந்தது.

சங்கரலிங்கத்தால் திரும்ப உட்கார முடியவில்லை.