வாகனம் போகாத பாதையில் தாய்மாமன்

கொக்கரக்குளத்துக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார்கள். ஒரு எழுத்தைக் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் மூன்று பேர் சிசிலித் தீவுக்குப் போய் வந்தார்கள். உலகம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

போனது கல்யாணத்துக்கு. ஐயம்பெருமாளின் அக்கா மகள் செல்வரதி அங்கே நர்ஸ் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கேயே வேர்விட்ட குடும்பம். தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். ஐயம்பெருமாளைத் தனியாக அனுப்பினால் ஏதாவது தப்பாகிவிடும் என்று பெரியப்பா மகன் பிச்சைக்கனியும் மைத்துனன் சுடலைக்கண்ணுவும் துணைக்குக் கிளம்பினார்கள்.

மூவரும் தங்கியது மாப்பிள்ளையின் சித்தப்பா குகதாசன் வீட்டில். அவர் சைக்கிள் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். காலில் மாவுக்கட்டு போட்டிருந்ததால் அவர் மட்டும் கல்யாணத்துக்குப் போகவில்லை. மண்டபம் மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரை ஊரில் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் முந்தின நாளே போய்விட்டார்கள்.

"விடிய வான் வரும். வாசல்ல நிண்டு பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் குகதாசன் படுக்கப் போனார்.

யாழ்ப்பாணத்தில் வான் என்றால் வேன். கொக்கரக்குளத்தில் வான் என்றால் வானம். பொழுது புலரும்போது மூவரும் பட்டுவேட்டி கட்டி, வாசலில் நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. வழியை மறிக்கிறோம் போல என்று மூவரும் மரியாதையாக ஒதுங்கிக் கொடுத்தார்கள். அது இன்னும் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கிழக்கு வெளுத்து வானம் நீலமானதும் பிச்சைக்கனி, "வந்துட்டு, வாங்க" என்று உள்ளே போய்க் காப்பி கேட்டார்.

குகதாசன் தலையில் கைவைத்தார். வேறு வண்டி கிடைக்கவில்லை. கடையில் இருந்ததெல்லாம் ஜல்லிப் பாதையில் ஓட்டுகிற சைக்கிள்கள்தான். டயர் தடிமன், கைப்பிடி மட்டும் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கியிருக்கும். பழைய ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு ஜல்லி பரப்பிய பாதை ஒன்று வீட்டுக்குப் பின்னாலேயே தொடங்கி, மலையைக் குடைந்து, நேரே மண்டபத்து வாசலில் இறங்குகிறது என்று அவர் விளக்கினார். மூவருக்கும் சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரியும். ஆபத்து அதில் இல்லை.

"பயப்பிடாதேங்கோ. உந்தப் பாதையில ஒரு வாகனமும் போகேலாது. நேரம் கிடக்கு, ஆறுதலாப் போங்கோ. சுரங்கம் வந்தா லைற்றைப் போடுங்கோ" என்று வழியனுப்பினார்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு காரின் படத்தைச் சிவப்புக் கோடு போட்டு அடித்த பலகை நின்றது. பிச்சைக்கனி ஏறப்போன காலை இறக்கினார்.

"ஒரு வாகனமும் போகேலாதுன்னாரே. சைக்கிள் வாகனமா, இல்லையா?"

"இது வெறும் சைக்கிள்தானே, அண்ணன்" என்றார் ஐயம்பெருமாள்.

"முருகனுக்கு மயில் வாகனம். பிள்ளையாருக்கு எலி வாகனம். எலியே வாகனம்னா, ரெண்டு சக்கரம் வச்ச இது என்னலே?"

சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம் என்றான் சுடலைக்கண்ணு. மூவரும் தூக்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் பிச்சைக்கனி மறுபடியும் நின்றார்.

"இறக்குங்கலே. ஆளைச் சுமக்கறது வாகனம். இப்ப சைக்கிளை நாம சுமக்கோம். அப்படின்னா நாமதான் வாகனம். நாம இந்தப் பாதையில போகப்படாது."

ஒரு ஆலிவ் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் ஐயம்பெருமாளுக்குத்தான் வழி தோன்றியது. உருட்டிக்கொண்டு போனால் அது நம்மைச் சுமக்காது, நாமும் அதைச் சுமக்க மாட்டோம், இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிற மாதிரி ஆகிவிடும் என்றார். அவர் தாய்மாமன் ஆனது சும்மா இல்லை என்று மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது ஆறுதல். மெதுவாகப் போங்கள் என்பதைத்தான் குகதாசன் அவர் ஊர்ப் பேச்சில் அப்படிச் சொன்னார். இவர்களுக்கோ ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டே போகவேண்டும் என்று பட்டது. ஆறுதல் சொல்ல வேண்டுமானால் யாருக்காவது துக்கம் வேண்டுமே. சுடலைக்கண்ணு முன்வந்து, போன ஐப்பசியில் கிணற்றில் விழுந்து செத்த தன் பசுமாட்டை நினைத்துக்கொண்டான். பிச்சைக்கனி முதுகைத் தடவி, எல்லாம் விதி என்றார். அவன் பசுவின் பெயரைச் சொன்னதும் அவருக்கே தாங்கவில்லை. அது அவர் விற்ற பசு. ஐயம்பெருமாள் இரண்டு பேருக்கும் ஆறுதல் சொல்லப் போய், அதன் பாலில் குடித்த காப்பி ஞாபகம் வந்து, உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து உள்ளூர்க்காரர்கள் ஒரு கூட்டம் சைக்கிளில் வந்தது. நடுப்பாதையில் பட்டுவேட்டியோடு மூன்று பேர் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்த்து எல்லாரும் இறங்கினார்கள். பாஷை புரியாவிட்டாலும் தோளைத் தட்டினார்கள், ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்தார்கள். ஒரு பெண்மணி ஐயம்பெருமாளின் கண்ணைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

அவர்கள் போனபின் ஐயம்பெருமாள், "ஆறுதல் சொல்ல அரசாங்கமே ஆள் போட்டிருக்கு" என்று நெகிழ்ந்தார்.

"நல்ல சனங்க. ஆனா விவரம் பத்தாது. வாகனத்துல ஏறிப் போறாவ பாரு" என்றார் பிச்சைக்கனி.

சுரங்கம் வந்தது. உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது. லைட்டைப் போடச் சொன்னது மூவருக்கும் நினைவிருந்தது. சைக்கிளில் மாட்டியிருந்த விளக்குகளைக் கழற்றிச் சுரங்க வாசலில் பத்திரமாகக் கீழே போட்டுவிட்டு இருட்டுக்குள் நுழைந்தார்கள்.

வெயிலுக்குப் பயந்து ஒரு ஆட்டு மந்தை உள்ளே படுத்திருந்தது. எதன் மேல் மோதினோம் என்று தெரியாமல் சுடலைக்கண்ணு விழுந்து எழுந்து, தடவித் தடவிக் கைப்பிடியைப் பிடித்தான்.

"அத்தான், என் சைக்கிள் இப்ப தானாப் போகுது" என்று இருட்டில் அவன் குரல் கேட்டது. மணிகூடத் தானாக அடிக்கிறது என்றான். வெகுநேரம் வெயிலில் நின்றதால் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்றும் சொன்னான்.

வெளிச்சத்துக்கு வந்ததும் பார்த்தால், அவன் கையில் இருந்தது கழுத்தில் மணி கட்டிய ஒரு பெரிய ஆட்டுக்கடாவின் கொம்பு. அவன் கவலைப்படவில்லை. இது உருட்டத் தேவையே இல்லை, இதையே கொண்டுபோகலாம் என்றான். பிச்சைக்கனி கண்டிப்பாக மறுத்துவிட்டார். ஆட்டுக்கடா அக்கினி பகவானின் வாகனம், அதற்கு இங்கே அனுமதி கிடையாது என்பது அவர் வாதம். கடாவைத் திருப்பி அனுப்பிவிட்டு மூவரும் இருட்டுக்குள் போய், கையில் பட்டதையெல்லாம் பிடித்து இழுத்துப் பார்த்து, எது முட்டவில்லையோ அதுதான் சைக்கிள் என்று முடிவுசெய்து கொண்டுவந்தார்கள். சுடலைக்கண்ணுவின் வேட்டியில் பாதியை ஆடு தின்றிருந்தது.

இதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மண்டபத்தில் செல்வரதி சொன்ன சொல்லை மாற்றவில்லை. மாமா வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்துவிட்டாள். ஐயர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் மாலை வாட ஆரம்பித்திருந்தது. பெண்ணின் அம்மா பேச்சியம்மாள் வாசலுக்கும் மணவறைக்கும் நடந்து நடந்து அலுத்து, கடைசியில் மைக்கில் அறிவிக்கச் சொன்னாள்.

மூவரும் வேர்க்க விறுவிறுக்க மண்டபத்து வெளிவாசலை அடைவதற்கும் ஒலிபெருக்கி பேசுவதற்கும் சரியாக இருந்தது.

"மணப்பெண்ணின் தாய்மாமன் ஐயம்பெருமாளைக் காணவில்லை. யார் பார்த்தாலும் உடனே மணவறைக்கு அழைத்து வரவும்."

ஐயம்பெருமாள் பிச்சைக்கனியின் தோளைப் பிடித்தார். "அண்ணன், என்னைக் காணலையாம்."

"காலையில நம்ம கூடத்தானேலே இருந்த" என்றார் பிச்சைக்கனி. பிள்ளையின் கல்யாணமே நின்றுவிடும் போலிருக்கிறது.

கடைசியாக எங்கே பார்த்தோம் என்று மூவரும் யோசித்தார்கள். சுரங்கத்தில் ஆட்டை இழுத்த இருட்டில்தான் தவறியிருக்கவேண்டும் என்று தெளிவாயிற்று. சைக்கிள்களை வாசலில் போட்டுவிட்டு, வந்த வழியே மூவரும் மேட்டில் ஓடினார்கள். முன்னால் ஓடியது ஐயம்பெருமாள்தான். ஆயிரம் இருந்தாலும் அவர் அக்கா மகள் கல்யாணம். ஆலிவ் தோப்புகளைப் பார்த்துக் கையைக் குவித்து, "ஏ ஐயம்பெருமாளு" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார். பதில் இல்லை. சுரங்க வாசலில் பிச்சைக்கனி தன் பங்குக்கு, "எலேய் ஐயம்பெருமாளு" என்று குரல் கொடுத்தார்.

பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் சொல்லாமல் இருந்து ஐயம்பெருமாளுக்குப் பழக்கமில்லை. "என்ன அண்ணன்?" என்றார்.

"கிடைச்சுட்டாரு" என்று சுடலைக்கண்ணு பாய்ந்து பிடித்துக்கொண்டான். பிச்சைக்கனிக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி தொலைந்துவிடக் கூடாது என்று ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் கூட்டிப்போனார்கள். செல்வரதி எழுந்து வந்து மாமா காலில் விழுந்தாள். ஐயம்பெருமாள் மாலையை எடுத்துக் கொடுத்தார். மேளம் முழங்கியது. எல்லாம் முறையாக முடிந்தது.

தாலி ஏறிய பிறகுதான் பேச்சியம்மாள் தம்பியை ஓரமாக இழுத்து, "இவ்வளவு நேரமா எங்கலே போய்த் தொலைஞ்ச?" என்று கேட்டாள்.

ஐயம்பெருமாள் மனதறிந்து பொய் சொன்னதில்லை.

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் தொலைஞ்ச நேரத்துல நானே அங்க இல்ல. இவங்களோட சேர்ந்து என்னைத் தேடப் போயிருந்தேன்."