மாசிலாமணியின் பலகை

கழுவெளிச் சதுப்பு நிலத்தில் ஊரார் கூடிப் போட்ட மரப்பாதையை மறுநாள் திறக்க இருந்தார்கள். எங்கும் படி கிடையாது. சக்கர நாற்காலிக்காரரும் தடியூன்றி நடப்பவரும் நீர்ப்பறவைகளின் அருகே போய்வரலாம். வாசலில் மட்டும், சாலைக்கும் பாதைக்கும் நடுவே, நான்கு விரல் மேடு நின்றுவிட்டது.

அந்த மேட்டில் தோழர் அஞ்சுகத்தின் நாற்காலியை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அவர் முகம் சுருங்கியது. தூக்கிவிடப்படுவது அவருக்குப் பிடிக்காது.

இன்னொரு நாளாக இருந்தால் மாசிலாமணி சண்டைக்குப் போயிருப்பார். இன்று அவர் மனமெல்லாம் பலகையில் இருந்தது.

கழுவெளியில் குப்பை கொட்ட வந்த லாரிகளுக்கு முன்னால் படுத்தவர் அவர். உதைபட்டார், சிறைபட்டார். அஞ்சுகத்தைவிட மூத்தவர்தான், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அஞ்சுகம் எழுதிய துண்டறிக்கைகளில். அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டவர்கள் இன்று பாதையின் பெருமை பேசுகிறார்கள். "யாருங்க நீங்க?" என்று நேற்று ஒருவன் அவரையே கேட்டான். போராடியவர்களின் பெயர்களைத் தேக்குப் பலகையில் ஆழமாக வெட்டிவைத்திருந்தார். காலையில் அதைப் பாதையின் கோடியில், பறவை பார்க்கும் மேடையின் கைப்பிடிக் கம்பியில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்.

"முதல் பேர் உங்களோடதா?" என்றார் அஞ்சுகம், மேடைக்கு வந்து சேர்ந்ததும். "அகர வரிசைன்னா நான்தானே முதல்?"

"இது அடிவாங்கின வரிசை, தோழர்."

அஞ்சுகம் சிரித்துவிட்டார்.

"இதுகூட இல்லேன்னா நாம பட்டது யாருக்குத் தெரியும்? சொல்லுங்க," என்றார் மாசிலாமணி.

அஞ்சுகம் கையூன்றிப் பக்கத்துப் பெஞ்சுக்கு மாறினார்.

"என் வண்டியில உட்காருங்க."

"நானா?"

"லாரி முன்னால படுக்கத் தெரிஞ்சவருக்கு உட்காரத் தெரியாதா?"

மாசிலாமணி உட்கார்ந்தார்.

"பூநாரை இறங்கியிருக்கு, பாருங்க."

அவர் கழுத்தை இந்தப் பக்கம் நீட்டினார், அந்தப் பக்கம் நீட்டினார். பலகைக்கு அப்பால் சிறகுச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன தெரியுது?"

"என் பேர்."

சொல்லிவிட்டு மாசிலாமணி வயிறு குலுங்கச் சிரித்தார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். பலகை இறங்கியதும் தண்ணீரெல்லாம் பூநாரைக் கூட்டம் இளஞ்சிவப்பாக நின்றது. வெயில் சாயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது அஞ்சுகம் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் அந்த இரண்டு பேரும் தூக்க ஓடிவந்தார்கள்.

"கையை எடுங்கப்பா," என்றார் மாசிலாமணி.

மேட்டைப் பார்த்தார். மடியில் இருந்த பலகையைப் பார்த்தார். எடுத்து, மேட்டுக்கும் சாலைக்கும் சரிவாகப் போட்டார். பெயர்கள் மண்ணைப் பார்த்திருந்தன. பலகை அளந்து வைத்ததுபோல் அமர்ந்தது.

"திருப்பிப் போடுங்க," என்றார் அஞ்சுகம்.

"பேர் மேல ஊரே ஏறிப் போகுமே, தோழர்!"

"எழுத்தை மிதிச்சா பாவம்னு எப்போதிருந்து நம்ப ஆரம்பிச்சீங்க?"

மாசிலாமணி பலகையை எடுத்து, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெட்டின பக்கம் மேல இருக்கட்டும்," என்றார் அஞ்சுகம். "மழை பெஞ்சா சக்கரம் வழுக்காது."