ஐந்தாம் மேசைக்குத் தண்ணீர்

புதுச்சேரியில் ஓர் ஓட்டலில் இருபது வருடமாகப் பரிமாறுகிறவர் சூசைநாதன். வயது நாற்பத்தொன்பது. ஒயின் பரிமாறும் பதவிக்கான தேர்வில் இரண்டு தடவை தோற்றவர். மூன்றாவது தேர்வு நாளைக்கு. நான்காவது கிடையாது.

அவருக்குக் கற்றுக்கொடுக்கும் கொலெத் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். சூசைநாதன் அவரை மதாம் என்பார். கொலெத் இவரை அண்ணே என்பார்.

மதியக் கூட்டம் வருவதற்கு முன் கொலெத் இரண்டு கோப்பைகளில் வெள்ளை ஒயின் ஊற்றி வைத்தார். சூசைநாதன் முகர்ந்தார். இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடித்தார்.

“முதல்ல இருக்கறது சோவிஞோன் பிளாங். அடுத்தது ஷார்டொனே.”

“ரெண்டும் ஷார்டொனே திராட்சைதான், அண்ணே. ரெண்டும் பிரான்ஸ்ல பர்கண்டி பக்கம். இது வடக்கே, ஷாப்ளி. அது தெற்கே, மெர்சோ.”

“ஒண்ணு பல்லு கூசுது. இன்னொண்ணு வெண்ணெயா வழுக்குது. ஒரே திராட்சைன்னா எவன் நம்புவான்? பாட்டில்லயும் ஊர்ப் பேரை மட்டும் போட்டுட்டு திராட்சைப் பேரை ஒளிச்சு வெச்சிடறானுங்க.”

“அங்க அதுதான் வழக்கம்.”

சூசைநாதன் தன் நோட்டை மேசைமேல் போட்டார்.

“அறுபது ஊர் மனப்பாடம், மதாம். ஒரு ஊர் மண்ணையும் மிதிச்சதில்ல. மிதிக்காதவனுக்கு எப்படித் தெரியும்?”

கொலெத் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஐந்தாம் மேசைக்காரர் கையைத் தூக்கினார். “ஏனுங்க, தண்ணி கொண்டாங்க.”

எட்டாம் மேசையில் ஓர் அம்மாள். “தம்பி, கொஞ்சம் தண்ணி தாங்கோ.”

இரண்டு மேசைக்கும் கொடுத்துவிட்டு சூசைநாதன் திரும்பி வந்தார்.

“அஞ்சுல இருக்கறவர் எந்த ஊர், அண்ணே?”

“கோயம்புத்தூர் பக்கம்.”

“எட்டு?”

“யாழ்ப்பாணம்.”

“விசாரிச்சீங்களா?”

“இதுக்கென்ன விசாரணை? வாயைத் திறந்தாலே தெரியுதே.”

“ரெண்டு பேரும் கேட்டது என்ன?”

“தண்ணி.”

“எந்த பாஷைல?”

“தமிழ்லதான்.” சொல்லிவிட்டுக் கோப்பைகளைப் பார்த்தார்.

“கோயம்புத்தூர் போயிருக்கீங்களா?”

“விழுப்புரம் தாண்டினதில்ல.”

“யாழ்ப்பாணம்?”

“கிண்டல் பண்றீங்க, மதாம்.”

கொலெத் சிரிக்கவில்லை. சூசைநாதன் ஷாப்ளியை மறுபடி எடுத்து மெதுவாகக் குடித்தார். மெர்சோவையும் குடித்தார். பிறகு நோட்டை மூடி ஓரமாகத் தள்ளினார்.

“இன்னொண்ணு ஊத்துங்க. நாளைக்கு விடப்போறதில்ல.”

துணி சுற்றிய பாட்டில் ஒன்றிலிருந்து கொலெத் புதிய கோப்பையில் ஊற்றினார். வெளிர்ப் பச்சை ஓடிய மஞ்சள். கோப்பையைக் கையில் எடுக்கும் முன்பே சூசைநாதனுக்கு நோட்டின் முப்பத்திரண்டாம் பக்கம் கண்முன் வந்துவிட்டது.

“அல்சாஸ்! ரீஸ்லிங் திராட்ச—”

கொலெத் கோப்பையை உள்ளங்கையால் மூடினார்.

“இவங்க இன்னும் வாயைத் திறந்து தண்ணியே கேக்கலையே, அண்ணே.”