மொட்டைப் பனையும் காட்டுப் போகியும்

கருவேலங்காட்டு நரி கோணவாயனுக்குத் திடீரென்று பண்டிகை ஆசை பிடித்துக்கொண்டது. கோழி திருட ஊருக்குள் போனவன், கோழி கிடைக்காமல் ஒரு செய்தியோடு திரும்பினான். நாளை விடிந்தால் போகியாம். பழையதையெல்லாம் வாசலில் குவித்துக் கொளுத்துவார்களாம்.

எல்லா மிருகங்களையும் குளக்கரைக்குக் கூப்பிட்டான்.

"ஊரில் தீ கூரை உயரத்துக்கு எரியும். நம் தீ பனை உயரத்துக்கு எரிய வேண்டாமா?" என்று கேட்டான்.

"அவ்வளவு விறகுக்கு எங்கே போவது?" என்றான் குரங்கு தாவிமுத்து.

"பனையையே எரித்துவிட்டால் போகிறது! இதோ நிற்கிறதே மொட்டைப் பனை, பட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது. ஓலையும் கிடையாது, நுங்கும் கிடையாது. இதைவிடப் பழசு எது?"

கிளி பவளமூக்கி சட்டென்று முன்னால் பறந்து வந்தாள். அந்தப் பனையின் பொந்தில்தான் அவளுடைய முட்டைகள் மூன்றும் இருந்தன. குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாள் ஆகும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு பார்க்கக் கிளியால் முடியுமா?

"நரி அண்ணே, அது என் வீடு," என்றாள்.

"பழசு போனால்தான் புதுசு வரும், தங்கச்சி. ஊரே அப்படித்தான் செய்கிறது."

ஊரே செய்கிறது என்று சொல்லிவிட்டால் அப்புறம் புத்திக்கு என்ன வேலை? எல்லா மிருகங்களும் தலையை ஆட்டின. பவளமூக்கி முயலிடம் போய்க் கெஞ்சினாள். "நான் என்ன மரத்திலா குடியிருக்கிறேன்?" என்று முயல் புல்லைக் கடித்தது. தாவிமுத்துவோ கொள்ளிக்கட்டையைத் தூக்கி ஓடப்போகும் குஷியில் காது கொடுத்தே கேட்கவில்லை.

அவள் அழுது பார்த்தாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, முள்ளம்பன்றி முள்ளாயியைத் தேடிப் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

பொழுது விடிந்தது. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. பனையடியில் சருகும் சுள்ளியும் குவிந்து கிடந்தன. ஊர் எல்லையில் மூட்டியிருந்த தீயிலிருந்து தாவிமுத்து ஒரு கொள்ளிக்கட்டையைத் தூக்கி வந்தான்.

"கொஞ்சம் பொறுங்கள்," என்றாள் முள்ளாயி. "பழசையெல்லாம் கொளுத்த வேண்டும் என்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதோ அந்தக் கரையான் புற்றுக்குப் பின்னால் நான் தோண்டிய பழைய வளை. மூன்று வருஷமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. உள்ளே சருகு நிறைய இருக்கும், தீ சட்டென்று பிடிக்கும். முதலில் அதில் வையுங்களேன்."

சொல்லி வாய் மூடவில்லை. தாவிமுத்து கொள்ளியோடு புற்றை நோக்கித் துள்ளினான்.

"டேய், நில்லுடா!" கோணவாயன் குறுக்கே பாய்ந்தான். "அங்கே நான்தான் குடியிருக்கிறேன்! உள்ளே என் பிள்ளைகள் தூங்குகிறார்கள்!"

"என் பிள்ளைகளும் தூங்குகிறார்கள், அண்ணே," என்றாள் பவளமூக்கி.

கோணவாயன் பனையை அண்ணாந்து பார்த்தான். புற்றுப் பக்கம் பார்த்தான். முயல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

"யாராவது சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள், கை சுடுகிறது!" என்று கத்தினான் தாவிமுத்து.

"குளத்தில் போட்டுத் தொலைடா," என்றான் கோணவாயன்.

கொள்ளி புஸ்ஸென்று அணைந்தது.

"அப்போ போகி இல்லையா?" தாவிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன் இல்லை? யாருக்கும் வேண்டாத பழசு இந்தக் காட்டில் இல்லையா என்ன?" என்று கேட்டாள் பவளமூக்கி. ஊரிலிருந்து பறந்து வந்த பிளாஸ்டிக் பைகள் முள்மரமெங்கும் தொங்கின. தாவிமுத்து கிளை கிளையாகத் தாவி அவற்றைப் பிடுங்கிப் போட்டான். கோணவாயன் அவற்றை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு போய் ஊர்க் குப்பைத்தொட்டியருகே போட்டுவிட்டு வந்தான். குவித்த சருகை ஆளுக்குக் கொஞ்சமாகப் படுக்கைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு முள்ளாயி தோண்டி வந்த கிழங்கை எல்லோரும் பங்கு போட்டுத் தின்றார்கள். கோணவாயன் தன் பங்கில் பாதியைப் பவளமூக்கியின் முன்னால் நகர்த்தி வைத்தான். அவள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நமக்குப் பழசாகத் தெரிவது இன்னொருவர் குடியிருக்கும் வீடாக இருக்கலாம், அதனால் பண்டிகைத் தீயை மூட்டுமுன் அது யாரைச் சுடும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.